ரத்தத்துக்குத் தெரியாத புழு

எஸ்னார்ட் நீட்டிய கைபேசியைத் திலியெஞ்சி வாங்கவில்லை. சுத்தியலை ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

“மூணாவது தடவையா கூப்பிட்டுட்டா அந்த நர்சு,” என்றாள் எஸ்னார்ட். “நேத்து ரெண்டு, இன்னிக்கு விடிஞ்சதும் ஒண்ணு. எடுக்க வேண்டியதை எடுத்தாச்சுல்ல, அப்புறமும் ஏன் தேடறா? கிள்ளின சதை பத்தலையாமா?”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாப் பேசினா கல்லுக்குக் கேக்காதா? என் நம்பரை எதுக்குக் குடுத்தே? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு என் வாசலுக்குத்தான் வரும்.”

மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. லுசாக்கா நகரத்து மியாலா குடியிருப்பின் தெற்கு ஓரத்தில், பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் விளிம்பில், குச்சி நட்டுச் சாக்கு கட்டிய நிழல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு நிழலின் கீழும் ஒரு பெண், ஒரு சுத்தியல், ஒரு கல் குவியல். கல் சிதறாமலிருக்க டயர் டியூபை வளையமாக வெட்டி அதற்குள் கல்லைப் பிடித்து அடிப்பார்கள். விரலிலும் டியூப் துண்டைச் சுற்றியிருப்பார்கள். மழைக்காலத்தில் கல் தூசி பறக்காது. அதற்குப் பதிலாக வெள்ளைக் குழம்பாகிக் கால் விரலிடுக்கில் அரிக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் யாரோ துணி அலசினார்கள். குழாயடியில் நகரசபை ஆள் குளோரின் கரைத்துக்கொண்டிருந்தான். அந்த வாடை வந்துவிட்டால் லுசாக்காவில் காலரா மாதம் பிறந்துவிட்டதென்று அர்த்தம்.

திலியெஞ்சி மறுபடி அடிக்கத் தொடங்கினாள். இரண்டு அடியில் உடைய வேண்டிய கல் ஐந்து அடி வாங்கியது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நாலுக்குயி என்ற அந்த நர்சு தேவாலயக் கொட்டகையில் வந்து பேசினாள். பெரிய ஆஸ்பத்திரியில் குடல் நோய் பற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. வயிற்றுப்போக்குக்கு எதிரான மருந்தைக் குடிக்க வேண்டும். பிறகு ரத்தம், மலம் கொடுக்க வேண்டும். ஒருநாள் வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் குடலில் அரிசி முனை அளவு சதை எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். கொட்டகை பாதி காலியானது. ரத்தம் எடுப்பவர்கள் அதைச் சாத்தானுக்கு விற்கிறார்கள் என்பது மியாலாவில் தண்ணீர் வரி போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

திலியெஞ்சி போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. போன மழையில் அவளுடைய இரண்டு வயது மகன் ஒன்றரை நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். கிளினிக்கில் சொட்டு மருந்தெல்லாம் தவறாமல் குடித்த பிள்ளை. அட்டையில் எல்லாக் கட்டத்திலும் முத்திரை இருந்தது. மருந்து குடித்த பிள்ளை ஏன் செத்தான் என்று அவள் கேட்காத ஆளில்லை. பாதிரியார் கடவுள் என்றார். கிளினிக்கில் நீ கை கழுவினாயா என்றார்கள். நாலுக்குயி மட்டும், “தெரியல. வேற ஊர்ல நல்லாப் பிடிக்கிற மருந்து, நம்ம பிள்ளைங்க குடல்ல ஏன் சரியாப் பிடிக்கலேன்னு எங்களுக்கே தெரியல. அதைத்தான் தேடறோம்,” என்றாள்.

தெரியாது என்று திலியெஞ்சியிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கணவன் கபாசோவிடம் கேட்டாள். அவன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுபவன். வடக்கே லுவாபுலாவில் ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். “உன் வயித்துல கிள்ளி எடுத்ததை அவங்க என்ன பண்றாங்கன்னு நீ பாப்பியா? வேண்டாம்,” என்றான். அதோடு பேச்சு முடிந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு அவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மருந்து குடித்தாள். ரத்தம் கொடுத்தாள். குழாய் விடும் நாளில் காலையிலேயே மலமும் கொண்டுவரச் சொல்லி ஒரு புட்டி கொடுத்திருந்தார்கள். அன்றைக்கென்று அவளுக்கு வரவில்லை. பயத்தில் வயிறு கல்லாகிக் கிடந்தது. பொதுக் கழிப்பறைக் குழி மழையில் பொங்கியிருந்ததால் வீட்டுக்குள்ளேயே மூடி போட்ட வாளிதான். விடியலில் கபாசோ அதில் போய்விட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தான். அவள் அதிலிருந்து அள்ளிப் புட்டியை நிரப்பினாள். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டியது. அந்த வாரம் முழுக்க வீட்டில் காய்ந்த பூசணி இலைக் குழம்புதான், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே சட்டியில் தின்கிறோம், யாருடையதானால் என்ன என்றும் நினைத்தாள்.

இப்போது அவள் நினைப்பில் வேறொன்றும் ஓடவில்லை. கண்டுபிடித்துவிட்டார்கள். வண்டியோடு வந்து பிடித்துப் போவார்களோ.

வீட்டிலும் காற்று சரியில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தையும் சோப்பையும் கபாசோ பார்த்துவிட்டான்.

“யாரு குடுத்தது?”

“எஸ்னார்ட்.”

“எஸ்னார்ட் வீட்டுல அவ டீக்கே சர்க்கரை கிடையாது,” என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளைத் தின்றது.

அவளுக்கும் அவன்மேல் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளில் நேரம் கழித்து வருகிறான். சட்டையில் புகையும் ஏதோ எண்ணெயும் மணக்கிறது. சோளமாவுக் களி, அந்த ஷிமா உருண்டையில் மூன்று கவளம் எடுத்ததும் தட்டைத் தள்ளிவிடுகிறான். வேறு எங்கேயோ எவளோ நன்றாக ஆக்கிப் போடுகிறாள். அவள் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்கு முகம்கூட வைத்துவிட்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் நாலுக்குயி வந்தாள். சீருடையில்லை. சாதாரணச் சிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றி, முழங்கால்வரை சேறோடு, கல் குவியல்களுக்கு நடுவில் பேரைச் சொல்லிக் கேட்டபடி வந்தாள். சுத்தியல் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எஸ்னார்ட் முதலில் எழுந்தாள். “நீ லோசிக்காரிதானே? எங்க டோங்கா ஆளுங்க மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போன வம்சம். மாடு தீந்துபோச்சுன்னு மனுசச் சதைக்கு வந்துட்டீங்களா?”

“அந்த மாட்டையெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே தின்னு முடிச்சாச்சு அக்கா,” என்றாள் நாலுக்குயி. “கொம்பு ரெண்டு கிடக்கு, வேணும்னா வந்து வாங்கிக்கோங்க.”

பெண்கள் சிரித்தார்கள். டோங்கா இனத்தாரும் லோசி இனத்தாரும் சந்தித்தால் விளையாட்டாக ஏசிக்கொள்வது முறை. அந்த முறை தெரிந்தவளாக இருந்ததில் எஸ்னார்டுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் நகரவில்லை.

நாலுக்குயி திலியெஞ்சி பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். மகள் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிட்டாள். “லின்னெஸ் அம்மா, தனியாப் பேசலாமா?”

“இங்கயே சொல்லுங்க.”

“நீங்க குடுத்த புட்டி. அது உங்களோடதுதானா?”

“என்னோடதுதான்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“மலத்துக்கு என்ன யோசனை? என்னோடதுதான்.”

நாலுக்குயி தரையில் கிடந்த கல் சில்லு ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “அதுல ஒரு புழுவோட முட்டை இருந்துச்சு. ஏரித் தண்ணியில, நத்தை இருக்கிற தண்ணியில, காலை வச்சு நிக்கிறவங்களுக்கு வர்ற புழு. தோல் வழியா உள்ள போயிரும். நீங்க ஏரிக்கரையில இருந்ததுண்டா?”

“நான் இந்த ஊர்ல பொறந்தவ. ஏரியைக் கண்ணால பாத்ததில்ல.”

“ம். ஒரு புழு உள்ள வந்துச்சுன்னா உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும். ரத்தத்துல அதோட சண்டை போட்ட அடையாளம் இருக்கும். உங்க ரத்தத்துல தேடிப் பாத்தோம், ரெண்டு தடவை. உங்க ரத்தத்துக்கு இந்தப் புழுவைத் தெரியவே தெரியாது.”

திலியெஞ்சி டியூப் வளையத்தைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

“பொய் சொன்னதுக்குத் தண்டனையா?” என்றாள் கடைசியில்.

“தண்டனை எதுவும் கிடையாது. அதுக்காக நான் இந்தச் சேத்துல வரல.”

“அப்ப எதுக்கு வந்தீங்க? அந்த ஆளோட சதையும் வேணுமா?”

“அந்தப் புட்டியில ரத்தம் இருந்துச்சும்மா. உள்ள கசியற ரத்தம் வயித்துல வெந்து வரும்போது அப்படித்தான் கறுப்பாத் தார் மாதிரி வரும். உங்களுக்குக் குழாய் விட்டுப் பாத்தோம், உங்க வயிறு சுத்தமா இருக்கு. அப்ப ரத்தம் கசியறது வேற யாருக்கோ. அவரு நடந்துக்கிட்டு, வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பாரு. ஒருநாள் வாய்வழியாக் குடம் குடமா வரும். அப்ப எங்களால ஓடி வர முடியாது.”

எஸ்னார்ட் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

“அவரு சரியாச் சாப்பிடறாரா?” என்றாள் நாலுக்குயி. “ரெண்டு வாயில வயிறு நிறைஞ்ச மாதிரி ஆயிருமே. இடது பக்கம் விலாவுக்குக் கீழ கெட்டியா வீங்கியிருக்கும்.”

திலியெஞ்சிக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது பயமில்லை. இரண்டு மாதமாக அவள் முகம் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இல்லவே இல்லை என்ற வெட்கம்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டு நாலுக்குயி போன பிறகு எஸ்னார்ட் சொன்னாள். “நம்பறியா நீ? அவரையும் உள்ள இழுக்கப் போட்ட கதையா இருந்தா?”

“இருக்கலாம். ஆனா தட்டைத் தள்றது அவளுக்கு எப்படித் தெரியும்?”

அன்று சாயங்காலம் வெங்காயம் போட்டுக் கபெண்டா கருவாடு வதக்கி, ஷிமா கிளறி, மகள் லின்னெஸை எஸ்னார்ட் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். கபாசோ சிமெண்ட் தூசியோடு வந்து கைகால் கழுவி உட்கார்ந்தான். மூன்று கவளம். தட்டைத் தள்ளினான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்திலிருந்து புட்டிவரை. சர்க்கரையும் சேர்த்து.

அவன் பேசியபோது குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும்.

“என் மலத்தை அள்ளி வெளியாளுக்குக் குடுத்திருக்கே.”

“எனக்கு அன்னைக்கு வரலங்க—”

“எங்க ஊர்ல ஒருத்தனை முடிக்கணும்னா அவன் மயிரையோ நகத்தையோ மலத்தையோதான் முதல்ல எடுப்பாங்க. இந்த ரெண்டு மாசமா என் வயித்துல எவனோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை வைத்தியன்கிட்டப் போறேன். புகை போட்டு, எண்ணெய் தடவி, என்ன சொன்னான் தெரியுமா? உன் வீட்டுக்குள்ள இருக்கிற ஆள்தான்னு சொன்னான். நான் நம்பல. இந்த ரெண்டு மாசமும் நான் நம்பல, லின்னெஸ் அம்மா.”

வெளியே பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ சின்னதாக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று இருவருக்குமே தெரிந்தது.

“என் அண்ணன் சிசாங்கா இப்படித்தான் போனான்,” என்றான் அவன். “ரத்தமா வாந்தி எடுத்து ஒரே நாள்ல. அப்பவும் வீட்டுக்குள்ள இருந்தவதான். எங்க கலுபா அத்தை. அவதான் அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தா. ஊரே சொல்லிச்சு. வீட்டுக்குத் தீ வச்சு விரட்டினோம்.”

“விரட்டினோம்னா, நீங்களுமா?”

அவன் தள்ளி வைத்த தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

நாளைக்கு இந்தச் செய்தி கல் பள்ளத்துக்குப் போகும். கணவனின் மலத்தைத் திருடிக் கொடுத்தவள் என்ற பேர் வரும். அவன் ரத்தம் கக்கிச் செத்தால் அவள் கூரையிலும் தீ விழும். தகரக் கூரைதான், ஆனாலும் உள்ளே எரிய எவ்வளவோ இருக்கிறது.

“சரி,” என்றாள். “நான்தான்னே வச்சுக்கோங்க. என்னை விரட்டுங்க. ஆனா விரட்டறதுக்கு முன்னால ஒரு தடவை அங்க வாங்க. அந்தக் குழாய் முனையில கேமரா இருக்கு, டிவியில காட்டுவாங்க. மயக்க மருந்து வேண்டாம்னு சொல்லிட்டுக் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாருங்க. உங்க வயித்துல நான் வச்ச கல்லு இருந்தா உங்களுக்கே தெரியும். நான் வெளிய பெஞ்சில உக்காந்திருப்பேன். எங்கயும் ஓட மாட்டேன்.”

அவளை நம்பி அவன் போகவில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனான். போகும்போது கிடங்கிலிருந்து ஒரு நண்பனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டான். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். எழுதியிருப்பதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போட்டான். எடுக்கிற ஒவ்வொரு துளியும் எங்கே போகிறது என்று சோதனைக்கூடம்வரை நண்பனை அனுப்பினான். ஹமூசொண்டே என்ற டாக்டர் அம்மாள் சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு நண்பனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கபாசோ பக்கவாட்டில் படுத்து, பல்லிடுக்கில் வளையத்தைக் கடித்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டான். தொண்டையில் குழாய் இறங்கியபோது கண்ணீர் கொட்டியது. கண்ணை மூடவில்லை.

திலியெஞ்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு மூடியே இருந்தது. உள்ளே யாரோ “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்று சொல்வது கேட்டது. என்ன இன்னும் ஒன்று என்று தெரியவில்லை. நாலுக்குயியையும் அவள் அந்த ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டாள்.

வெளியே வந்த நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். “மண்புழு மாதிரி,” என்றான். “உணவுக் குழாய்க்குள்ள நீலமா, தடியா, ரத்தக் குழாய் தொங்குது. ஒண்ணுல கசிஞ்சிக்கிட்டே இருக்கு. ரப்பர் வளையத்தைப் போட்டு ஒவ்வொண்ணா இறுக்கிக் கட்டினாங்க. ஆறு போட்டாங்க. நானே எண்ணினேன்.”

மறுநாள் வார்டில் டாக்டர் வந்து கபாசோவின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். சின்ன வயதில் ஏரியில் வலை இழுக்கும்போது ஏறிய புழு. அது இருபது முப்பது வருஷம்கூட முட்டையிடும். முட்டை ஈரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

“புழு பெருசா ஒண்ணும் பண்றதில்ல,” என்றாள். “முட்டையைப் பாத்து உங்க உடம்பு பயந்துக்குது. எதிரின்னு நினைச்சுச் சுத்திச் சுத்திச் சுவர் கட்டுது. வருஷக்கணக்காக் கட்டிக்கிட்டே போய் ஈரலே கெட்டியாயிடுச்சு. ரத்தம் போக வழியில்லாம மண்ணீரலுக்கும் உணவுக் குழாய்க்கும் திரும்பிடுச்சு. புழுவுக்கு மாத்திரை இருக்கு. கட்டின சுவரை இடிக்கத்தான் மருந்து இல்ல. மாசாமாசம் வந்து காட்டிக்கிட்டா பொழைச்சுக்கலாம். மூட்டை தூக்கறதை விடணும்.”

கபாசோ கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். “என் அண்ணனும் நானும் ஒரே படகு,” என்றான். “அவனுக்கும் இதுதானா?”

“பாக்காத ஆளைப் பத்தி நான் சொல்ல முடியாதுங்க.”

“டாக்டரா வேண்டாம். சும்மா சொல்லுங்க.”

“அதே தண்ணி. ரத்த வாந்தி. எனக்கு யாரு மேலயும் சந்தேகம் வராது, இந்தப் புழு மேலதான் வரும்.”

திலியெஞ்சி அவன் முகத்தைப் பார்க்காமல் போர்வை நுனியைச் சரி செய்தாள். அவளிடம் அவன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மாலையில், நீர்க்கக் கரைத்த கஞ்சியை அவள் ஊட்டியபோது வாயைத் திறந்தான்.

கிளம்பும் நாளில் நாலுக்குயி வாசல்வரை வந்தாள்.

“என் பேரை அடிச்சுட்டீங்களா?” என்றாள் திலியெஞ்சி.

“அந்தப் புட்டியை மட்டும்தான். வேறொண்ணு குடுங்க. இந்தத் தடவை உங்களோடது.”

“வரலேன்னா?”

“வரலேன்னு சொல்லுங்க. அதையும் எழுதிப்போம்.”

“என் பையன் விஷயம் எப்பத் தெரியும்?”

“வருஷமாகும். தெரியாமலும் போகலாம்.”

அவள் புதுப் புட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் மழை கொஞ்சம் இளைத்ததும், கபாசோ ஒருநாள் காலையில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, “காப்வேக்குப் போகணும்,” என்றான். “அத்தை அங்க மக வீட்டுல இருக்காளாம். நீயும் வா.”

பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம்.

கலுபா அத்தை வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பீன்ஸ் புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. ஒரு புறங்கையில் பழைய தீக்காயத் தழும்பு மினுங்கியது. வந்தவனை அடையாளம் கண்டதும் எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“கூட யாரு வந்திருக்காங்க?”

“என் பொண்டாட்டி. வேற யாருமில்ல அத்தே.”

“தெருமுனையில?”

“யாருமில்ல.”

“அன்னைக்கும் அப்படித்தான் சொன்னே. யாருமில்ல, கதவைத் தொறங்க அத்தேன்னு.”

கபாசோ மண்ணில் மண்டியிட்டான். தன் வயிற்றைப் பற்றி, குழாயைப் பற்றி, புழுவைப் பற்றிச் சொன்னான். அண்ணன் பேரைச் சொல்லும்போது நின்று நின்று சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

“நான் என் வாயால சொன்னேன், நான் ஒண்ணும் பண்ணலடான்னு. அப்ப நம்பல. இப்ப உன் வாய்க்குள்ள குழாயை விட்டுச் சொன்னாங்க, நம்பிட்டே.”

“ஆமா அத்தே.”

“அவங்க சொல்லாம விட்டிருந்தா நான் சாகறவரைக்கும் சூனியக்காரி.”

“ஆமா.”

திலியெஞ்சியால் அங்கே நிற்க முடியவில்லை. அவளும் பாயில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கத் தொடங்கினாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன்னையும் சொன்னானா?”

“ஒரு சாயங்காலம் முழுக்க,” என்றாள் திலியெஞ்சி.

கிழவி உள்ளே போனாள். அடுப்பு மூட்டும் புகை வந்தது. வெகுநேரம் கழித்து ஷிமாவும் நிலக்கடலை போட்ட கீரையுமாக ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவர்களுக்கு முன்னால் தானே ஒரு துண்டைப் பிய்த்தாள்.

“நான் முதல்ல தின்னு காட்டிடறேன்,” என்றாள், யாரையும் பார்க்காமல். “பன்னெண்டு வருஷமா எங்க சமைச்சாலும் இப்படித்தான். என் மக வீட்டுலயும்.”

அவள் கை வாய்க்குப் போவதற்குள் கபாசோ அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விரலுக்குள் இருந்த துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். ஆவி பறந்தது. கண்ணில் நீர் வந்தது. துப்பவில்லை.

“சுடும்,” என்றாள் அத்தை. “மெதுவாத் தின்னு.”